பழைய ஏரியலும் வேலை செய்யவில்லை, டிஷ்ஷும் கட்டம் கட்டமாக உடைகிறது: கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு

வளவுவீட்டுப் பேரன்:

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானை அடுத்த சிற்றூரில், பங்காளிகள் பலருக்கும் பொதுவான எங்கள் வீட்டில், எண்பதைக் கடந்த எங்கள் அப்பத்தாவும் அவருக்குத் துணையாக உள்ள ஓர் அம்மாளும் மட்டும் இருக்கிறார்கள். மற்ற புள்ளிகள், அதாவது பங்காளிக் குடும்பங்கள், சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பதால் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் வீடு நிறையும். அப்பத்தாவின் பொழுது பெரும்பாலும் தொலைக்காட்சியோடு போகிறது. அது சரிவரத் தெரியாததுதான் இப்போதைய தொல்லை.

வீட்டில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, மாடிப் படிக்கூண்டின் மேல் நீண்ட இரும்புக் குழாயில் நிற்கும் பழைய ஏரியல். ஒடிந்திருந்த அலுமினியக் குச்சிகளை மாற்றி, புது பூஸ்டரும் பூட்டி, கொடைக்கானல் பக்கமும் ராமேசுவரம் பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பிப் பார்த்துவிட்டோம். புள்ளி மழையைத் தவிர எதுவும் வரவில்லை. இணையத்தில் வாங்கிய, வீட்டுக்குள் வைக்கும் தட்டை ஏரியலும் அதே கதைதான். இரண்டாவது, தூர்தர்ஷனின் சந்தா இல்லாத டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். பின்கட்டுக்கு அப்பால், தோட்டத்துக் குளியலறையின் தளத்தில் 60 சென்டிமீட்டர் தட்டு நிற்கிறது. அங்கிருந்து பட்டாலையில் (கூடம்) உள்ள டிவி வரை கேபிள் 45 மீட்டருக்குக் குறையாது. வழியில் இரண்டு இடங்களில் கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். சமையல் கட்டில் உள்ள சின்ன டிவிக்காக நடுவே ஒரு பிரிப்பானும் இருக்கிறது. காலையில் ஓரளவு தெரிகிறது. மாலையில், இரண்டு டிவியும் ஓடும் நேரத்தில், படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. செட்டாப் பாக்ஸின் மெனுவில் பார்த்தால் 'ஸ்ட்ரென்த்' 80-க்கு மேல் காட்டுகிறது. 'குவாலிட்டி' 20-ஐத் தாண்டுவதில்லை. தென்கிழக்கே நிற்கும் தென்னைதான் மறைக்கிறது, அதை வெட்டிவிடுங்கள் என்று தட்டு வைத்தவர் சொல்லிவிட்டுப் போனார். அப்பத்தா அதற்கு ஒப்பவில்லை.

காரைப் பூச்சுச் சுவரில் துளை போடக்கூடாது, நாட்டு ஓட்டின் மேல் ஆள் ஏறக்கூடாது, மாதச் சந்தா வேண்டாம்: பங்காளிகள் விதித்துள்ள நிபந்தனைகள் இவை. ஏரியலைச் சரிசெய்வதா, டிஷ்ஷைச் சரிசெய்வதா, எதிலிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஒளிபரப்புக்காரன்:

தம்பி, ஏரியலைப் பற்றி மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். உங்கள் ஏரியலில் குறை எதுவும் இல்லை. அது பிடிப்பதற்கு வானில் ஒன்றும் இல்லை. தூர்தர்ஷனின் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு, முக்கியமான சில இடங்கள் நீங்கலாக, நாடு முழுவதும் 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக நிறுத்தப்பட்டது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-இல் சென்னை உள்ளிட்ட குறிப்பிட்ட சில நகரங்களில்தான் தொடங்கியது. நீங்கள் இணையத்தில் வாங்கிய தட்டை ஏரியல், தரைவழி டிஜிட்டல் சேனல்கள் ஏராளமாக உள்ள அயல்நாடுகளுக்காகச் செய்யப்பட்ட சரக்கு. 'நூறு சேனல் இலவசம்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பது அந்த ஊர்களுக்குப் பொருந்தலாம், கானாடுகாத்தானுக்குப் பொருந்தாது.

ஒரு காலத்தில் உங்கள் ஊர் இதற்கு மிகவும் தோதான இடமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் காரைக்குடி வட்டாரம் அங்குள்ள ஒளிபரப்புக் கோபுரத்தின் பார்வைக்குள்ளேயே இருந்தது. ராமேசுவரம் ஒளிபரப்புக் கோபுரம் 323 மீட்டர் உயரம். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதன் அலைக்கு உங்கள் பகுதி விளிம்பு என்பதால்தான் அந்தக் காலத்தில் குழாயை அவ்வளவு உயரமாக நட்டார்கள். அதற்கும் முன்னால், 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடிப்பதற்காகவே ஏரியல் ஏற்றிய வீடுகள் இந்தப் பக்கம் உண்டு.

பூஸ்டரைக் கழற்றிவிடுங்கள். வரும் அலையோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவதுதான் அதன் வேலை. அலையே இல்லாத இடத்தில் இரைச்சலை மட்டும் பெருக்கிக் கொடுக்கும். அந்தக் குழாயையும் அப்படியே விட்டுவைக்க வேண்டாம். வீட்டின் மிக உயரமான இரும்பாக அது நிற்கிறது, அதிலிருந்து ஒரு கம்பி நேராக வீட்டுக்குள் இறங்குகிறது. ஐப்பசி இடி தொடங்குவதற்குள் கேபிளையாவது உள்ளிருந்து விலக்கிவிட்டு, குழாயை இறக்குவதா அல்லது மண்ணோடு முறையாக எர்த் செய்வதா என்று பிறகு முடிவு செய்யுங்கள். டிஷ்ஷைப் பற்றி, களத்தில் வேலை செய்பவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.

தேவகோட்டை டிஷ்காரர்:

ஐயா சொன்னதற்கு மேல் ஏரியலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. டிஷ் விஷயத்துக்கு வருகிறேன். தென்னையை வெட்ட வேண்டாம். அந்த மரத்தின் மேல் பழி போட்டவர் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறது. காரைக்குடி வட்டாரத்திலிருந்து பார்த்தால் அதன் திசை வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 124 பாகை. அதாவது அக்கினி மூலையிலிருந்து கிழக்குப் பக்கமாகச் சற்றே ஒதுங்கியது. தரையிலிருந்து அதன் உயரக் கோணம் 69 பாகை. உச்சி வானத்துக்கு அது இவ்வளவு பக்கத்தில் இருப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. தட்டு ஏதோ 45 பாகையில் சாய்ந்து எதிர்வீட்டு மாடியைப் பார்ப்பது போலத் தோன்றும், தட்டுக்கு முன்னால் நின்று அலையை வாங்கும் கருவியான எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாகத் தள்ளி நிற்கும் அமைப்பால் வரும் மயக்கம் அது. உண்மையில் அதன் பார்வை தலைக்கு மேலே ஏறிப்போகிறது. கணக்காகச் சொன்னால், தட்டை விட 40 அடி உயர்ந்த ஒரு பொருள்கூட 16 அடிக்கு அப்பால் நின்றால் மறைக்காது. தென்னையில் மட்டையின் விரிவையும் சேர்த்து 30 அடி விட்டால் எந்தக் கவலையும் இல்லை. உங்கள் மரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து பாருங்கள்.

என் கணிப்பில் உங்கள் குற்றவாளி கேபிள் பாதையில்தான் இருக்கிறது. பிரிப்பானைக் கையில் எடுத்து அதன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். '5 – 1000 மெகாஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அது கேபிள் டிவிக்கான சரக்கு. டிஷ் கேபிளில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலை. அந்தப் பிரிப்பான் அதைக் கடித்துத் துப்பிவிடும். சரியான பிரிப்பானாகவே இருந்தாலும் ஒரே எல்.என்.பி.யை இரண்டு பாக்ஸ்கள் பகிர்வது நல்லதல்ல. பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலையையும், 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலையையும் எடுத்துக்கொடுக்கும். இரண்டு பாக்ஸ்கள் வெவ்வேறாகக் கேட்டால் கூடுதல் வோல்ட்தான் வெல்லும், மற்றவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மாலையில் இரண்டு டிவியும் ஓடும்போது மட்டும் தொல்லை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகிறது. இரண்டு வெளியீடு உள்ள எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு டிவிக்கும் தனிக் கேபிள் இழுங்கள்.

அடுத்து, தூரம். டிஷ்ஷுக்கு வழக்கமாகப் போடும் நல்ல ஆர்.ஜி.6 வகைக் கேபிளிலேயே 30 மீட்டருக்கு ஏறத்தாழ 8 டெசிபெல் போய்விடும். மூன்று டெசிபெல் குறைந்தால் பாதி போய்விட்டது என்று பொருள். நடுக்கம்பி எஃகின் மேல் செம்பு முலாம் பூசியதாக இருந்தால் வோல்ட்டும் வழியில் குறையும். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இரண்டும் கட்டாயம் போக வேண்டும். அந்த இடத்தில் கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெளிப்பின்னல் ஒழுங்காகச் சேராது. ஒரு மழைக்காலம் போனால் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.

ஸ்ட்ரென்த் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். கேபிள் எல்.என்.பி.யோடு சேர்ந்திருந்தாலே அது உயர்ந்துவிடும், தட்டு எந்தத் திசையைப் பார்த்தாலும். குவாலிட்டியை வைத்துத்தான் தட்டைத் திருப்ப வேண்டும். 60 சென்டிமீட்டர் தட்டின் பார்வை அகலம் மொத்தமே சுமார் 3 பாகை. விளிம்பு 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு பாகை போய்விடும். ஆகையால் ஒரு முறை தொட்டுவிட்டு, பாக்ஸ் நின்று நிதானித்துப் புது எண்ணைக் காட்டும் வரை கையை எடுத்து வைத்திருங்கள். மேல்-கீழ், இட-வலம் இரண்டும் உச்சத்துக்கு வந்த பிறகு, எல்.என்.பி.யின் பிடியைத் தளர்த்தி அதையும் மெல்லத் திருகிப் பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், கிழக்கே தள்ளி நிற்கும் கோளுக்கு இந்தத் திருகல் கணிசமாகத் தேவைப்படும். வடநாட்டுப் படத்தைப் பார்த்து நேராகப் பூட்டினால் குவாலிட்டி ஏறவே ஏறாது.

ஆத்தங்குடி ஆச்சி:

நாங்களும் இதே மாதிரியான வீட்டைப் பராமரித்து வருவதால் சொல்கிறேன். டிஷ்காரர் தம்பி சொன்ன 69 பாகையை வைத்துக்கொண்டு யோசித்தால், தட்டு ஏன் தோட்டத்துக்கு அப்பால் போய் நிற்க வேண்டும்? எங்கள் வீட்டில் அது இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாவது பகுதி) முற்றத்தின் வாயு மூலையில் (வடமேற்கு), கல் தளத்தின் மேலேயே இருக்கிறது. அக்கினி மூலையைப் பார்க்க வேண்டிய தட்டு எதிர் மூலையில் நிற்பதால், முற்றத்தின் அகலம் முழுவதும் அதற்கு முன்னால் திறந்து கிடக்கிறது. சுவரில் துளை இல்லை, ஓட்டில் கால் படவில்லை, தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணிலும் படுவதில்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளியின் நடுவே குழாயை நிறுத்திக் கான்கிரீட் நிரப்பினோம். அது 45 கிலோவுக்குக் குறையாமல் கனக்கிறது. அடியில் பழைய ரப்பர் விரிப்பு. முற்றத்துக்குள் காற்றின் வேகம் பெரிதாக இல்லை.

மயில் தொல்லையும் அதோடு தீர்ந்தது. எங்கள் பக்கம் மயில்கள் மொட்டைமாடியில் இருந்த தட்டின் மேல் ஏறி உட்காரும். இறங்கிப் பறக்கும்போது ஓர் உதை உதைத்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகு ஆள் வந்து திருப்பினால்தான் படம் வரும். ஓட்டுத் தாழ்வாரத்தைத் தாண்டி முற்றத்துக்குள் அவை இறங்குவதில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முதல் வளவு முற்றத்தில், அதாவது முதல் கட்டு முற்றத்தில், வைக்க வேண்டாம். கல்யாணமும் படைப்பும் நடக்கிற இடம் அது. பங்காளிகளில் ஒருவராவது முகம் சுளிப்பார், சுளிப்பதும் நியாயமே. அப்பத்தாவிடம் கேட்காமல் இரண்டாங்கட்டிலும் வைத்துவிடாதீர்கள். வற்றல் காயப்போடும் இடம், பாத்திரம் கவிழ்க்கும் இடம் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கும்.

வளவுவீட்டுப் பேரன்:

ஐயா, ஆச்சி, அண்ணன் மூவருக்கும் நன்றி. பிரிப்பானில் '5 – 1000' என்றுதான் அச்சிட்டிருக்கிறது. தென்னை 50 அடிக்கு மேல் தள்ளி நிற்கிறது.

முற்ற யோசனை அப்பத்தாவுக்குப் பிடித்துவிட்டது. மரம் பிழைத்ததில் அவருக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் ஓர் ஐயம் உள்ளது. எங்கள் வீடு கிழக்கு பார்த்தது. இரண்டாங்கட்டு முற்றம் 14 அடிக்கு 12 அடி. சுற்றிலும் தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்பு தரையிலிருந்து 12 அடி உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே முதல் கட்டின் மாடி 30 அடிக்கு எழும்பி நிற்கிறது. அது மறைக்காதா? அந்த மாடியின் உச்சிக்கே தட்டைக் கொண்டுபோனால் என்ன என்று என் தம்பி கேட்கிறான். வாங்குவதே 90 சென்டிமீட்டர் தட்டாக வாங்கலாமா?

தேவகோட்டை டிஷ்காரர்:

உயரத்தை 2.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு தூரம் தள்ளியிருந்தால் போதும். தட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து 2 அடி என்றால், ஓட்டு விளிம்பு அதற்கு மேல் 10 அடி. 4 அடி தள்ளி வைத்தால் விளிம்பு மறைக்காது. உங்களுக்கு முற்றத்தின் அகலமே 12 அடி இருக்கிறது. மாடிச் சுவர் தட்டிலிருந்து 28 அடி மேலே என்றால் 11 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். தட்டு வாயு மூலையில் இருந்தால் முற்றத்தின் குறுக்களவும் தாழ்வாரமும் சேர்ந்து அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். தாழ்வாரத்துத் தண்ணீர் விழும் கோட்டிலிருந்து எல்.என்.பி.யை மட்டும் உள்தள்ளி வையுங்கள். அதன் மேல் நேராக ஓட்டுத் தண்ணீர் கொட்டக்கூடாது.

மாடி உச்சிக்குக் கொண்டுபோவதால் ஒரு பயனும் இல்லை. தரைவழி ஏரியலுக்குத்தான் உயரம் உதவும். 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வரும் அலைக்கு உங்கள் 30 அடி ஒரு பொருட்டல்ல. காற்றும் மயிலும் இடியும்தான் கூடும், கேபிளும் நீளும்.

90 சென்டிமீட்டர் என்பது பரப்பில் 60-ஐப் போல் இரண்டே கால் மடங்கு. மழை மேகம் இந்த அலையை உறிஞ்சிவிடும் என்பதால், அடைமழையில் படம் நின்றுபோகும் நேரத்தை அது குறைக்கும், முற்றிலும் நீக்காது. ஆனால் பார்வை அகலம் 2 பாகையாகக் குறுகிவிடும், ஆகவே திருப்புவதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும். கேபிளைக் குறைத்துவிட்டால் உங்களுக்கு 60 போதும் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற ஒளிபரப்புக்காரன்:

தட்டின் அளவில் நான் சற்று மாறுபடுகிறேன். அடைமழையில் வெளியே போக முடியாத முதியவருக்குத்தான் டிவி மிகவும் தேவைப்படுகிறது. வாளியின் கனத்தைக் கூட்ட முடியுமானால் 90 வாங்குவதில் தவறில்லை. முற்றத்தில் இடம் அடைக்கும் என்றால் அப்பத்தா சொல்வதே முடிவு.

இடத்தை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது, இப்போது புரட்டாசி நடப்பதால் உடனே செய்து பார்க்கலாம். செப்டம்பர் கடைசி வாரத்தில் சில நாள்கள், முற்பகல் 11 மணியை ஒட்டி, சூரியன் நம் பார்வையில் அந்தச் செயற்கைக்கோள் நிற்கும் இடத்தை அப்படியே கடக்கிறது. அந்த நேரத்தில் தட்டு வைக்கப்போகும் இடத்தில் நல்ல வெயில் விழுந்தால் எதுவும் மறைக்கவில்லை என்று பொருள். ஓட்டு நிழலோ மட்டை நிழலோ விழுந்தால் அந்த நிழலுக்கு வெளியே தட்டை நகர்த்துங்கள். பங்குனி பிறந்ததும் இதே நிகழ்ச்சி 11 மணியைக் கால் மணி நேரம் கடந்து மீண்டும் வரும். அந்தச் சில நாள்களில் சூரியனின் இரைச்சல் அலையை அமுக்கிவிடுவதால் படம் சில நிமிடங்கள் போய்த் தானாகத் திரும்பும். யாரையும் கூப்பிட்டுத் தட்டைத் திருப்பச் சொல்லிவிடாதீர்கள்.

முற்றத்தில் இருந்தாலும் தட்டின் சட்டத்தை எர்த் கம்பியோடு சேர்த்துவிடுங்கள். இடி முழங்கும்போது பாக்ஸின் பிளக்கோடு கேபிளையும் கழற்றி வைக்கும்படி துணைக்கு உள்ள அம்மாளிடம் சொல்லி வையுங்கள்.

வளவுவீட்டுப் பேரன்:

வேலை முடிந்தது. வாயு மூலையில் 11 மணி வெயில் தெளிவாக விழுந்தது. சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் நிழல் இருந்ததால் வாளியை அதற்கு முன்னால் நகர்த்தினோம். பழைய 60 தட்டையே வைத்துக்கொண்டு, இரண்டு வெளியீட்டு எல்.என்.பி. மாற்றி, சமையல் கட்டுக்கும் பட்டாலைக்கும் ஒட்டில்லாத தனிக் கேபிள்கள் போட்டோம். பட்டாலைக் கேபிள் இப்போது 18 மீட்டர்தான். நிலைக்கதவின் மேல் பழைய மணிக்கம்பி போன துளை வழியாகவே அது போய்விட்டது; புதுத் துளை எதுவும் போடவில்லை. எல்.என்.பி.யைத் திருகியபோதுதான் குவாலிட்டி 40-களிலிருந்து 70-ஐத் தாண்டியது. மாலையில் இரண்டு டிவியும் ஓடுகின்றன. பழைய ஏரியலின் கேபிளை விலக்கிவிட்டோம். குழாயை இறக்கத் தை மாதம் ஆள் வருகிறார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. டிடி தமிழ் இரண்டிலும் தெரிகிறது. ஆனால் பட்டாலைப் பாக்ஸில் வரும் சில சேனல்கள் சமையல் கட்டுப் பாக்ஸில் வருவதே இல்லை, குவாலிட்டி ஒரே அளவாக இருந்தும். கேபிள்களை மாற்றி மாட்டிப் பார்த்தும் அப்படியே.

தேவகோட்டை டிஷ்காரர்:

கேபிளை மாற்றியும் தொல்லை அந்தப் பாக்ஸோடுதான் இருக்கிறது என்றால் அது, படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறையான எம்பெக்-2-ஐ மட்டும் அறிந்த பாக்ஸாக இருக்கும். ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் அதற்குப் பிந்திய எம்பெக்-4 முறையில் வருகின்றன. அவற்றைப் பழைய பாக்ஸ் பிரித்துக் காட்டாது, தட்டை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. பாக்ஸின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். அந்தச் சேனல்கள் சமையல் கட்டில் வேண்டும் என்றால் பாக்ஸை மாற்ற வேண்டும், வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். தனியார் சேனல்களின் இடங்கள் ஏலத்தில் போவதால் ஏப்ரல் 1-ஐ ஒட்டிச் சில சேனல்கள் வரும், சில போகும். அப்போது இரண்டு பாக்ஸிலும் 'ஆட்டோ ஸ்கேன்' ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

ஆத்தங்குடி ஆச்சி:

எல்.என்.பி.யின் மூடியில் குளவி கூடு கட்டுகிறதா என்று மாதம் ஒரு முறை துணைக்கு உள்ள அம்மாளைப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றத்தில் அந்தத் தொல்லை மாடியை விட அதிகம். உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். விளக்குமாற்றால் தட்டினால் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும்.